பருவமறிந்து உடுத்துதல்

"நாலு வயசுப் பொண்ணுக்கு இது போடலாமாங்க?"

கொல்கத்தாவில் குழந்தைகள் உடுப்புக் கடை வைத்து நாற்பது ஆண்டுகள் ஓடிவிட்டன. இந்தக் கேள்வி காதில் விழாத வாரம் இல்லை. தமிழர் தமிழில் கேட்பார், வங்காளி வங்காளத்தில் கேட்பார், மார்வாரி இந்தியில் கேட்பார். கையில் கை இல்லாத கவுன் இருக்கும், அல்லது ஜிகினா ஒட்டிய லெஹங்கா இருக்கும். நான் வியாபாரி. "தாராளமாப் போடலாம்" என்று சொல்லிப் பில் போட்டால் வேலை முடிந்தது. என் பேத்தியின் விஷயமாக அதே கேள்வி வீட்டுக்குள் வந்தபோதுதான், இத்தனை நாள் நான் அதற்கு விடை யோசித்ததே இல்லை என்று தெரிந்தது. பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தியவன் நான். மாலையில் கடை ஓய்ந்த நேரத்தில் படித்த நூல்களையும், கடையில் கண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பிழையிருந்தால் பெரியோர் பொறுத்தருள்க.

முன்னோர் வகுத்த பருவங்கள்

வயதை உடுப்பாலும் அணியாலும் காட்டுவது நமக்குப் பழைய வழக்கம். புறநானூற்று 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனைப் பாடுகிறார். காலிலிருந்த கிண்கிணியைக் கழற்றிக் கழல் பூண்டிருக்கிறான். கழுத்து ஐம்படைத்தாலியை இன்னும் கழற்றவில்லை. பால் மறந்து சோறுண்டதும் இன்றுதான் என்கிறார். பிள்ளையணியும் வீரர் அணியும் ஓர் உடம்பிலேயே! பெண்ணுக்குத் திருமணத்திற்கு முன் சிலம்பு கழி நோன்பு. குழந்தைப் பருவச் சிலம்பைக் கழற்றும் சடங்கு அது. நம் பாட்டிமார் காலத்தில் கைக்குழந்தைக்கு அரைஞாணும் அரைமூடியும், பிறகு சிற்றாடை, பிறகு பாவாடை சட்டை, பெரியவளானதும் தாவணி என்று வரிசை இருந்தது.

பருவத்தைப் பகுக்கும் கணக்கு தமிழில் இரண்டு உண்டு. ஒன்று, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு. பேதைக்கு 5 முதல் 7 வயது, பெதும்பைக்கு 8 முதல் 11 என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த ஏழு பருவமும் முக்கியமாக வருவது உலா இலக்கியத்தில். தலைவன் வீதியில் பவனி வர, அவனைக் கண்டு மயங்கும் பெண்களை வயதுவாரியாகப் பாடுவது உலா. மற்றொன்று பிள்ளைத்தமிழ். அதில் பருவம் பத்து. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் இருபாலுக்கும் பொது. பிறகு ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல்.

இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். உலாவின் கணக்கு வீதியிலிருந்து பெண்ணைப் பார்க்கிற கணக்கு. பிள்ளைத்தமிழின் கணக்கு தாயின் மடியிலிருந்து பார்ப்பது. குழந்தை இப்போது என்ன செய்கிறது, தலையாட்டுகிறதா, கை கொட்டுகிறதா, நடந்து வருகிறதா என்று அதன் செய்கையைக் கொண்டு வகுத்தது. சின்னப் பிள்ளைக்கு உடை தேர்வதில் இந்த இரண்டாவது கணக்கே சரி என்பது என் முடிவு.

செய்கைக்கு ஏற்ற உடை

படுத்த படுக்கையாக இருக்கும் சிசுவுக்குத் துவைத்துத் துவைத்து மெலிந்த பருத்தியே உத்தமம். பழைய வேட்டியைக் கிழித்துப் போட்ட நம் கிழவிகள் விவரம் அறிந்தவர்கள். பிறந்த புதிதில் தலை வழியாகச் சூடு போகும், அதனால் குல்லா வேண்டும். ஆனால் கொல்கத்தாவில் மார்கழி பிறந்தாலே மூடிய அறைக்குள்ளும் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர், அதற்கு மேல் மங்கி கேப்! நாம் போட்டிருப்பதைவிட ஒரு அடுக்கு கூட இருந்தால் போதும். வளர்ந்து வரும் குழந்தைக்கு வீட்டுக்குள் தூங்கும்போது குல்லா வேண்டியதில்லை. அதிகச் சூடும் ஆபத்தே. துணியில் சுற்றும்போது காலை நீட்டி இறுக்கக் கூடாது. இடுப்பு மூட்டு விலகக் காரணமாகும். கால் மடங்கி விரிய இடம் வேண்டும்.

தவழும் குழந்தைக்கு நீளக் கவுன் போட்டால் முட்டியில் சிக்கி முகம் குப்புற விழும். எதையும் வாயில் வைக்கும் வயது; மணியும் ஒட்டுக் கல்லும் பிய்ந்து தொண்டைக்குப் போகும். நடக்கத் தொடங்கிய பிள்ளைக்குத் தரை தொடும் பாவாடை கூடாது, கணுக்காலுக்கு மேல் நிற்க வேண்டும். மூன்று வயதில் தானே இறக்கி ஏற்றக்கூடிய எலாஸ்டிக் இடுப்பு நல்லது. "தாத்தா, அவசரம்" என்று ஓடிவரும் பிள்ளைக்கு முதுகுப் பக்கம் எட்டுக் கொக்கி வைத்த உடை தண்டனை.

ஊஞ்சலும் சறுக்குமரமும் ஆடும் வயதில் கழுத்தில் நாடா எமன். தொப்பியிலும் கழுத்திலும் தொங்கும் நாடா சிக்கிப் பிள்ளைகள் இறந்ததால் அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் 1996இல் எச்சரிக்கை நெறிகள் வெளியிட்டது. ஐரோப்பாவின் ஈ.என். 14682 என்ற தரவிதி, ஏழு வயதுக்குட்பட்டோர் உடையில் கழுத்து, தலைப் பகுதியில் நாடாவே கூடாது என்கிறது. நம் சந்தையில் அந்த நாடாவும் குஞ்சமும் இன்றும் அழகுக்காகத் தொங்குகின்றன. நானும் விற்றவன்தான்.

பட்டியில் எழுதிய வயது

"3-4 வயது" என்று பட்டியில் இருப்பதை நம்பி வாங்காதீர்கள். மெட்டியாபுரூஸில் தைத்து ஹவ்ரா மங்களா ஹாட்டுக்கு வரும் மாலில் 16, 18, 20 என்று நம்பர்தான் இருக்கும். ஒருவர் 20 மற்றவர் 22. வெளிநாட்டு மாலில் 98, 104, 110 என்று இருந்தால் அது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். அதுவே நேர்மையான அளவு. இந்தியருக்கென்று அளவு வகுக்க 'இந்தியா சைஸ்' என்ற கணக்கெடுப்பைத் திட்டமிட்டார்கள். கொல்கத்தா உட்பட ஆறு நகரங்களில் 25,000 பேர், ஆனால் வயது 15 முதல் 65 வரைதான். சிறுபிள்ளைகள் அதில் இல்லை. ஆகவே பிள்ளையைக் கூட்டி வந்து, கையைத் தூக்கச் சொல்லி, குத்துக்காலிடச் சொல்லிப் பார்த்து வாங்குங்கள். வளரும் பிள்ளைக்குப் பாவாடையில் இரண்டு டக் பிடித்துத் தைத்து, வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடும் பழைய வழக்கம் சிக்கனம் மட்டுமல்ல, சமணர் சொல்லும் மிகுபொருள் விரும்பாமையும் அதுவே.

யார் கண் பார்வை?

இனி என் வீட்டுக் கதை. பேத்திக்கு ஐந்து வயது. சென்ற வைகாசி வெயிலில் மருமகள் அவளுக்குக் கை இல்லாத பருத்திக் கவுன் போட்டிருந்தாள். "அஞ்சு வயசாவுது, கை வெச்சதாப் போடும்மா" என்றேன். மருமகள் குரல் உயர்த்தவில்லை. "முதுகெல்லாம் வேர்க்குரு மாமா. யாரு பாக்கிறாங்கன்னு சொல்றீங்க?" என்றாள். எனக்குப் பதில் வரவில்லை.

அவ்வருஷம் தீபாவளிக்கு என் கடையிலிருந்தே லெஹங்கா கொண்டுவந்தேன். கழுத்து முதல் கால் வரை மூடியது, மூன்றடுக்கு நைலான் வலை. மத்தாப்புப் பொறி ஓரத்தில் விழுந்தது. மகன் பாய்ந்து ஜமுக்காளத்தால் சுற்றி அணைத்தான். உள்ளங்கை அகலத்துக்குத் துணி உருகிக் கணுக்காலில் ஒட்டிக்கொண்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. நைலானும் பாலியஸ்டரும் உருகித் தோலில் ஒட்டும். மெல்லிய தளர்ந்த பருத்தியும் சட்டென்று பற்றும். பட்டாசு நாளில் உடம்போடு ஒட்டிய தடித்த பருத்தியே வேண்டும். ஊரார் கண்ணுக்கு அடக்கமாகத் தெரிந்த உடையைத்தான் நான் தேர்ந்தேன். பிள்ளை மத்தாப்பு பிடிக்கப் போகிறாள் என்பதை நினைக்கவில்லை.

எம் திகம்பர முனிவரின் கோலத்தை 'யதாஜாத ரூபம்', பிறந்தபடியான வடிவம் என்பார்கள். குழந்தையின் மேனி துறவுக்கு உவமை. அதில் வெட்கத்தைப் பார்ப்பது பார்ப்பவர் மனம். தீய நோக்கத்தோடு பார்ப்பவனைத் தண்டிக்க 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் இருக்கிறது. அதில் பிள்ளையின் உடைக்கு இடமில்லை. அதற்காகப் பிள்ளைக்குக் கூச்சமே கற்பிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. நாலைந்து வயதில் உடை மாற்றக் கதவைச் சாத்தவும், பிறர் தொட்டால் "வேண்டாம்" என்று சொல்லவும் பழக்க வேண்டும். "இது குத்துது" என்று பிள்ளை சொன்னால் அதையும் கேட்க வேண்டும். பெரியவர் உடையைச் சின்ன அளவில் வெட்டி, குதிகால் செருப்பும் மாட்டி நிறுத்துவதை நான் ஏற்கவில்லை. அதைப் போட்ட பிள்ளையால் ஓட முடியாது.

இப்போது கடையில் யாராவது "போடலாமா" என்று கேட்டால் நானே திருப்பிக் கேட்கிறேன்: பிள்ளை இதில் ஓடுமா, தானே கழற்றுமா, நாடா இருக்கிறதா, நெருப்புப் பக்கம் போகுமா? சிலர் "அட, விலையச் சொல்லுங்க" என்று அடுத்த கடைக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும்.

சங்கத்தாருக்கு ஒரு விண்ணப்பம். பொங்கல் விழா மேடையில் மூன்று வயதுப் பிள்ளைகளைக் கனத்த சரிகையில் இரண்டு மணி நேரம் நிறுத்தி வைக்கிறோம். அடுத்த ஆண்டு ஏழு வயதுக்குட்பட்டோர் பருத்தி உடையில் வரலாம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிடுங்கள். சரிகை இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு என்று எந்தத் தாயும் தயங்காமல் இருப்பாள்.