ரிம் வளைந்தால்: நிமிர்த்துவதா, மாற்றுவதா?

கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் இடையே கூட்டரசு நெடுஞ்சாலையில் கார் ஓட்டும் மாணவர்களுக்குச் சாலைக் குழிகள் புதிதல்ல. மழைநீர் நிறைந்த குழியின் ஆழம் கண்ணுக்குத் தெரியாது. வேகமாக இறங்கினால் டயர் நசுங்கி, அதிர்ச்சி நேரே ரிம்மைத் தாக்குகிறது. டயர் தப்பினாலும் ரிம் வளைந்துவிடலாம்.

இதை எப்படி அறிவது? குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். அல்லது காற்று சிறிது சிறிதாக இறங்கும். உள்விளிம்பு வளைந்திருந்தால் வெளியிலிருந்து தெரியாது. டயர் கடையில் பேலன்சிங் இயந்திரத்தில் சுழற்றினால் ஆட்டம் தெரிந்துவிடும்.

இரும்பு ரிம் எளிதில் உடையாது. சிறு வளைவைத் தட்டி நிமிர்த்தலாம். விலை குறைவு என்பதால் மாற்றுவதும் சுலபமே. அலாய் ரிம் அலுமினியக் கலவை. விளிம்பில் சிறு வளைவு என்றால் அழுத்த இயந்திரத்தில் நிமிர்த்தலாம். அளவுக்கு மேல் சூடேற்றினால் அதன் வலிமை குறையும். ஆரக்கால் வளைந்திருந்தாலோ, எங்கேனும் விரிசல் இருந்தாலோ மாற்றியே ஆக வேண்டும். விரிசலைப் பற்றவைத்துச் சாயம் பூசினால் பார்வைக்குப் புதிதுபோல் இருக்கும். ஓடும்போது அது பிளந்தால் காற்று நொடியில் போய்விடும்.

'ஹாஃப் கட்' கடைகளில் பழைய ரிம் மலிவாகக் கிடைக்கும். துளைகளின் எண்ணிக்கை, இடைவெளி, நடுத்துளை, அகலம், ஆஃப்செட் ஆகியவை பொருந்த வேண்டும். மைவிக்கு 4 துளை, 100 மில்லிமீட்டர். வாங்குமுன் அதையும் சுழற்றிப் பாருங்கள்.

நண்பர்களே, வளைவுக்குச் சிக்கனம் பார்க்கலாம். விரிசலுக்குப் பார்க்கக் கூடாது. நம் காரில் பெரும்பாலும் இன்னும் மூவர் அமர்ந்திருக்கிறார்கள்.