படம் ஏன் இடம் மாறுகிறது?

ஆண்டு மலர்க் குழுவில் சேரும் தம்பி தங்கைகள் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "நேற்றிரவு சரியாக வைத்த படம், இன்று காலையில் எப்படி அடுத்த பக்கத்திற்குப் போனது?" பக்க வடிவமைப்புக்கென்றே தனி மென்பொருள்கள் உண்டு. ஆனால் மாணவர் கழகங்களில் நாம் பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட் வேர்டிலேயே மலரைக் கோத்துவிடுகிறோம். ஆகவே அது படத்தை எப்படி நடத்துகிறது என்று பார்ப்போம்.

வேர்டில் செருகிய படம் முதலில் ஒரு பெரிய எழுத்தைப்போல வரிக்குள் உட்காரும். அதற்கு முன்னால் நான்கு சொல் சேர்த்தால் அதுவும் நகரும். அந்தப் பத்தியின் வரி இடைவெளி 'எக்ஸாக்ட்லி' என்றிருந்தால் படத்தின் ஒரு கீற்றுதான் தெரியும். படம் கெட்டுவிட்டதென்று மீண்டும் ஸ்கேன் செய்யப் போகவேண்டாம். இடைவெளியை 'சிங்கிள்' ஆக்கினால் போதும்.

'ராப் டெக்ஸ்ட்' பட்டியலில் 'ஸ்கொயர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் படத்தை எங்கும் இழுத்து வைக்கலாம். விடுதலை கிடைத்ததுபோல் தோன்றும். உண்மையில் அதன் நங்கூரம் ஏதோ ஒரு பத்தியில் இருக்கிறது. அந்தப் பத்தி எந்தப் பக்கத்திலோ, படமும் அந்தப் பக்கத்தில்தான். 'லாக் ஆங்கர்' என்பதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நங்கூரம் வேறு பத்திக்குத் தாவாமல் அது தடுக்கும், அவ்வளவே. பத்தியே அடுத்த பக்கத்திற்குப் போனால் படமும் பின்னாலேயே போகும். 2013ஆம் ஆண்டுப் பதிப்பில் வந்த 'ஃபிக்ஸ் பொசிஷன் ஆன் பேஜ்' வசதியும் தாளில் எந்த இடம் என்பதை மட்டுமே நிலைநிறுத்தும். எத்தனையாவது பக்கம் என்பதை நங்கூரம்தான் முடிவு செய்யும்.

இது அழகு பற்றிய கவலை மட்டுமல்ல. நான் பார்த்த ஒரு மலரில், மறைந்த விரிவுரையாளர் ஒருவரின் படம் அஞ்சலிக் கட்டுரையை விட்டு நழுவி, அடுத்த பக்கத்துச் சமையல் குறிப்பின் மேல் அமர்ந்திருந்தது. அந்த மலர் அவர் குடும்பத்தார் கைக்கும் போயிருக்கும்.

ஆகவே கட்டுரைப் படங்களின் நங்கூரத்தைக் கட்டுரைத் தலைப்பின் பத்தியில் வையுங்கள். அந்தத் தலைப்புக்குப் 'பேஜ் பிரேக் பிஃபோர்' கொடுங்கள். முன்னால் உள்ள கட்டுரை நீண்டாலும் தலைப்பும் படமும் சேர்ந்தே நகரும். படத்தையும் அதன் விளக்க வரியையும் பிரியாமல் வைக்க, கோடுகள் இல்லாத ஓர் அட்டவணையே என் தேர்வு. மேல் அறையில் படம், 'கீப் வித் நெக்ஸ்ட்' என்ற குறியுடன். கீழ் அறையில் விளக்கம். உள்ளடக்கத்திற்கேற்ப அகலம் மாறும் வசதியை அணைத்துவிடுங்கள்.

லிப்ரேஆஃபிஸ் ரைட்டரில் நங்கூரத்தைப் பக்கத்திலேயே கட்டலாம். 'பொசிஷன்' என்பதைக் குறியிட்டுப் பூட்டவும் செய்யலாம். விளம்பரப் பக்கத்திற்கு இது நல்லது. கட்டுரைப் பக்கத்திற்கு வேண்டாம். எழுத்து நகர்ந்துவிடும், படம் மட்டும் தனியே நிற்கும்.

தமிழுக்கென்று இன்னொரு தொல்லை உண்டு. எழுத்துரு மாறினால் வரி நீளம் மாறும், பக்கமும் மாறும். லதாவில் கோத்த பக்கத்தை விஜயாவில் திறந்து பாருங்கள், தெரியும். விண்டோஸ் 10 முதல் இவ்விரண்டும் கூடுதலாக நிறுவிக்கொள்ளவேண்டிய எழுத்துருக்கள். அவை இல்லாத கணினியில் வேறோர் எழுத்துரு அந்த இடத்தைப் பிடிக்கும். நாம் யாரும் கைவைக்காமலே படம் இடம்பெயரும். முரசு அஞ்சலில் தட்டச்சு செய்த பழைய கட்டுரையை யூனிகோடுக்கு மாற்றும்போதும் இதே கதைதான். எனவே எல்லாக் கட்டுரைகளையும் ஒரே எழுத்துருவுக்குக் கொண்டுவந்த பிறகே படங்களைத் தொடுங்கள்.

அச்சகத்திற்கு வேர்டு கோப்பை அனுப்பவேண்டாம், பிடிஎஃப் அனுப்புங்கள். அனுப்புமுன் அதை அடோபி ரீடரில் திறந்து, 'புராபர்ட்டீஸ்' பகுதியில் 'ஃபான்ட்ஸ்' பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொரு தமிழ் எழுத்துருவின் பெயரருகிலும் 'எம்பெடட்' என்ற சொல் இருக்கவேண்டும்.