நடுவர் விரலும் நீதிபதி எழுத்தும்

செய்தித்தாளின் முதற் பக்கத்தில் அரசியலும், உட்பக்கத்தில் நீதிமன்றச் செய்தியும், கடைசிப் பக்கத்தில் விளையாட்டும் இடம்பெறுதல் நெடுநாள் வழக்கு. வாசிப்போரும் அவ்வாறே பிரிந்து நிற்பர். முதியோர் முன்பக்கத்திலிருந்து தொடங்குவர். இளையோர் கடைசிப் பக்கத்திலிருந்து தொடங்குவர். நடுவில் இருசாராரும் சந்திப்பது அருமை. ஆனால், 2023ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தின் முதற் பதினான்கு நாட்களில் இம்மூன்று பக்கங்களும் ஒன்றாகிவிட்டன. எது விளையாட்டு, எது வழக்கு, எது அரசியல் என்று பிரித்தறிய இயலாதவாறு செய்திகள் தம்முட் கலந்தன. அந்த நாட்களின் ஆரவாரம் அடங்கிவிட்டமையால், அவற்றைப் பற்றி அமைதியாக நினைத்துப் பார்ப்பதற்கு இப்பொழுது காலம் வாய்த்திருக்கிறது.

நிகழ்ச்சிகளை முதலில் நிரல்படுத்திக் கொள்வோம். நவம்பர் 2ஆம் திகதி மும்பை வான்கடே மைதானத்தில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இந்திய அணி 357 ஓட்டங்களைக் குவிக்க, நம்மவர் 55 ஓட்டங்களுடன் சுருண்டனர். 6ஆம் திகதி, அப்பொழுது விளையாட்டுத்துறை அமைச்சராயிருந்த ரொஷான் ரணசிங்க, கிரிக்கெற் நிருவாக சபையைக் கலைத்து, 1996இல் உலகக் கிண்ணத்தை வென்ற அணியின் தலைவர் அர்ஜுண ரணதுங்கவின் தலைமையில் இடைக்காலக் குழுவொன்றை நியமித்தார். மறுநாளே மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனைப் பதினான்கு நாட்களுக்குத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. 9ஆம் திகதி பாராளுமன்றத்தில் ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒருமித்து, சபையின் நிருவாகிகள் பதவி விலக வேண்டுமெனத் தீர்மானம் நிறைவேற்றின. 10ஆம் திகதி சர்வதேச கிரிக்கெற் பேரவை, அரசாங்கத் தலையீட்டைக் காரணங் காட்டி, இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. 14ஆம் திகதி உயர் நீதிமன்றம், நாட்டின் பொருளாதார வீழ்ச்சி பற்றிய அடிப்படை உரிமை வழக்குகளிலே தன் தீர்ப்பை வழங்கியது.

பின்னர் நடந்தவையும் சிறியன அல்ல. இலங்கையில் நடைபெறவிருந்த பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணப் போட்டி தென்னாபிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. நவம்பர் 27ஆம் திகதி அமைச்சர் பதவி நீக்கப்பட்டார். உறுப்புரிமை இடைநிறுத்தம் 2024ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் திகதிதான் நீங்கிற்று.

இவற்றுக்கிடையே நவம்பர் 6ஆம் திகதி டில்லியில் இன்னொரு தீர்ப்பு நிகழ்ந்தது. பங்களாதேஷ் அணிக்கு எதிரான ஆட்டத்திலே சதீர சமரவிக்கிரம ஆட்டமிழந்ததும், அஞ்சலோ மத்தியூஸ் துடுப்பாட வந்தார். களத்தில் நின்று தலைக்கவசத்தை இறுக்குங்கால் அதன் பட்டி அறுந்தது. வேறு தலைக்கவசத்துக்கு அவர் சைகை காட்டி நிற்கையில், எதிரணித் தலைவர் ஷகிப் அல் ஹசன் நடுவரிடம் முறையிட்டார். விக்கெற் வீழ்ந்து இரண்டு நிமிடத்துள் அடுத்தவர் பந்தை எதிர்கொள்ளச் சித்தமாயிருத்தல் வேண்டும் என்பது அப்போட்டியின் விதி. நடுவர் விரலை உயர்த்தினார். ஒரு பந்தையேனும் ஆடாமல் மத்தியூஸ் வெளியேறினார். சர்வதேச கிரிக்கெற்றின் நூற்று நாற்பத்தாறு ஆண்டு வரலாற்றில் காலந் தாழ்த்தியதற்காக ஒருவர் ஆட்டமிழந்தது அதுவே முதன்முறை.

அன்றிரவு தொடங்கிப் பல நாட்களுக்கு நம்மவர் வேறொன்றும் பேசினாரல்லர். கடைத்தெருவிலும் பேருந்திலும் ஆசிரியர் ஓய்வறையிலும் அதுவே பேச்சு. விதி பெரிதா, விளையாட்டின் பண்பு பெரிதா என்று ஒருசாரார் வினாவினர். விதியை அறியாதவன் களம் புகலாமா என்று மறுசாரார் கேட்டனர். எங்கள் ஓய்வறையிலே கணித ஆசிரியர் ஒருவர் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்து, இரண்டு நிமிடம் எவ்வளவு நீளமானது என்று நிறுவிக் காட்டினார். சமய பாட ஆசிரியரோ, கேட்பது உரிமையாயினும் கேளாதிருப்பது பெருமை என்றார். இருவர் கூற்றிலும் உண்மை இருந்தது.

இவ்விவாதம் இத்துணை கூர்மை பெற்றதற்குக் காரணம் தொலைக்காட்சியே. அதே ஆட்டத்தின் இடைவேளையிலே நான்காம் நடுவர் தொலைக்காட்சியின் முன் தோன்றி, பட்டி அறுவதற்கு முன்னரே துடுப்பாட்டக்காரர் பந்தை எதிர்கொள்ளும் நிலையில் இருக்கவில்லை என விளக்கினார். ஆட்டம் முடிந்தபின் மத்தியூஸ் ஒளிப்பதிவைச் சான்றாகக் காட்டி, பட்டி அறுந்தபொழுது இன்னும் ஐந்து வினாடி எஞ்சியிருந்ததென வாதிட்டார். தீர்ப்பு, தீர்ப்புக்குக் காரணம், எதிர்வாதம், சான்று ஆகிய நான்கும் ஒரே நாளில் எல்லார் கண்முன்னும் வைக்கப்பட்டன. விதியின் வாசகமும் விரைவில் தமிழுக்கு வந்துவிட்டது. பத்து வயதுச் சிறுவனும் அதனைப் பிழையின்றிச் சொன்னான்.

விளையாட்டின் நடுவர்கள் இந்நிலைக்கு எளிதில் வந்துவிடவில்லை. ஒருகாலத்தில் நடுவர் விரல் காரணம் கூறாது, கேட்பதும் தகாது. 1992ஆம் ஆண்டு தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரில், டெண்டுல்கர் ஓட்டத்தின்போது ஆட்டமிழந்தாரா என்பதைத் தொலைக்காட்சிப் படத்தைப் பார்த்து மூன்றாம் நடுவர் தீர்த்தார். அவ்வாறு ஆட்டமிழந்த முதல்வர் அவரே. பின்னர், நடுவர் தீர்ப்பை வீரர்கள் மீளாய்வு செய்யக் கேட்கும் முறை, 2008ஆம் ஆண்டு இந்திய அணி இங்கே வந்தபொழுது நம் மண்ணிலேயே முதலிற் பரீட்சிக்கப்பட்டது. இவ்வாறு மறுபடியும் பார்க்கவும் ஏன் என்று கேட்கவும் விளையாட்டு இடங்கொடுத்தது. அதனால் நடுவரின் மதிப்புக் குறைந்துவிடவில்லை.

இனி, நவம்பர் 14ஆம் திகதித் தீர்ப்புக்கு வருவோம். 2022ஆம் ஆண்டின் துன்பத்தை நம்முள் மறந்தார் எவருமிலர். மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் மின்சாரம் இல்லை. காகிதமின்மையால் மேல் மாகாணப் பாடசாலைகளிலே தவணைப் பரீட்சைகள் பிற்போடப்பட்டன. எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் மக்கள் இரவு பகலாக வரிசையில் நின்றனர். ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. இந்நிலைக்கு யார் பொறுப்பு என்ற வினாவைச் சிலர் உயர் நீதிமன்றத்தின் முன் வைத்தனர். மனுதாரருள் ஒருவர் ஜூலியன் போலிங். மூன்று ஒலிம்பிக் விழாக்களிலே இலங்கைக்காக நீந்தியவர். ஆக, அந்த வழக்கிலும் ஒரு விளையாட்டு வீரர் இருந்தார்.

ஐந்து நீதியரசருள் நால்வர் ஒருமித்தனர். முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, முன்னாள் பிரதமர் மஹிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதியமைச்சர் பஸில் ராஜபக்ஷ ஆகியோரும், மத்திய வங்கியின் முன்னாள் ஆளுநர்களும், வேறு உயர் அதிகாரிகளும் பொதுமக்கள் தம்மிடம் ஒப்படைத்த நம்பிக்கையை மீறினர் என்றும், அதனால் அரசியலமைப்பின் 12(1) உறுப்புரை தரும் சமத்துவ உரிமை மீறப்பட்டது என்றும் அவர்கள் கண்டனர். 2019ஆம் ஆண்டின் வரிக்குறைப்பு, ரூபாவின் பெறுமதியை விடாப்பிடியாக நிறுத்தி வைத்தமை, சர்வதேச நாணய நிதியத்தை உரிய காலத்தில் நாடாமை, டொலர் அருகியிருந்த 2022 ஜனவரியில் 500 மில்லியன் டொலர் முறிக்கடனைத் திருப்பிச் செலுத்தியமை ஆகியன அவர்கள் ஆராய்ந்த செய்கைகளுட் சில. ஐந்தாமவர் மாறுபட்டார்.

இத்தீர்ப்பைப் பற்றி எத்தனை நாள் பேசினோம்? பேசியோரும் என்ன பேசினர்? மனுதாரருக்கு வழக்குச் செலவாக 150,000 ரூபா கொடுக்கவேண்டும் என்ற வரியைப் பற்றிக்கொண்டு, “இவ்வளவுதானா?” என்று சலித்துக்கொண்டனர். மனுதாரர் இழப்பீடு கோரவில்லை, கோராததனை நீதிமன்றம் வழங்கவில்லை என்பதனை அறிந்தோர் சிலரே. பேருக்காக ஒரு தீர்ப்பு என்று கூறிப் பலர் அதனை மடித்து வைத்துவிட்டனர்.

அந்நாட்களில் உயர்தர வகுப்பு மாணவரிடம் இரண்டு வினாக்களைக் கேட்டேன். மத்தியூஸ் ஆட்டமிழந்தது ஏன்? முப்பது கைகள் உயர்ந்தன. உயர் நீதிமன்றம் அவ்வாறு தீர்த்தது ஏன்? ஒரு கையும் உயரவில்லை. சற்றுப் பொறுத்து ஒரு மாணவி எழுந்து, “ஐயா, தீர்ப்பு என்னவென்று தெரியும்; ஏனென்று எங்கேயும் தமிழில் வரவில்லையே” என்றாள். அவள் கூறியது சாட்டுப்போக்கு அன்று. அதற்கு மறுமொழி சொல்ல என்னாலும் இயலவில்லை.

அந்தத் தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கள் பெரும்பாலும் அவ்வாறே எழுதப்படுகின்றன. நீதிமன்றங்களின் மொழி சிங்களமும் தமிழும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை கூறுகிறது. பாராளுமன்றம் இயற்றும் சட்டம் மும்மொழியிலும் அச்சேறுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் கீழ் நீதிமன்றங்களிலே வழக்குக்கள் தமிழில் நடக்கின்றன. ஆயின், நாட்டு மக்கள் எல்லாருடைய வயிற்றையும் தொட்ட ஒரு வழக்கின் காரணம் மாத்திரம், அம்மக்களுட் பெரும்பாலோர் வாசிக்க இயலாத மொழியிலே உறங்குகிறது.

தமிழில் அதற்குச் சொல் இல்லை என்று கூறுவார் உளராயின், அது பொருந்தாது. மனு, எதிர்மனுதாரர், தடையுத்தரவு, சான்று, மேன்முறையீடு முதலிய சொற்கள் இன்று சந்தையிலும் வழங்குவன. நமது இலக்கியத்துக்கோ வழக்கு புதிதன்று. சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நாம் ஆண்டுதோறும் கற்பிக்கின்றோம். அங்கே பாண்டியனின் பிழை யாது? ஆராயாமல் தீர்ப்புக் கூறியது. கண்ணகி செய்தது யாது? தன் சிலம்பினுள்ளே இருப்பது மாணிக்கம் என்று காரணம் உரைத்து, அதனை அவைமுன் உடைத்துச் சான்று காட்டியது. அரசியின் சிலம்பினுள் இருந்தது முத்து என்று அறிந்திருந்த மன்னன் அச்சான்றின்முன் வாதாடவில்லை. அழுகுரலன்று, காரணமே அவனை வென்றது. அக்காரணத்தை மதுரையின் அவை முழுவதும் தன் மொழியிலே கேட்டது.

திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரம் நடுவுநிலைமை. அதனை மனனம் செய்வித்துப் புள்ளி வழங்குகின்றோம். நீதிபதி ஒருவர் நடுவுநிலையில் நின்றாரா என்பதை அறியும் வழி, அவர் எழுதிய காரணத்தை வாசிப்பதன்றி வேறில்லை. வாசியாமற் புகழ்வதும் இகழ்வதும் ஒன்றே. நமக்கு உவந்த தீர்ப்பு வந்தால் நீதி வென்றது என்கின்றோம். உவவாதது வந்தால் நீதி செத்தது என்கின்றோம். அமைச்சரின் குழுவுக்குத் தடை வந்த நாளில் நடந்ததும் இதுவே. 55 ஓட்டத் தோல்வியால் மனம் நொந்திருந்தோர் அந்தத் தடையைத் தோல்வியின் தொடர்ச்சியாகக் கண்டனரேயன்றி, சட்டத்தின் வினாவாகக் காணவில்லை.

ஆதலின், நான் வேண்டுவது மிகவும் சிறியது. பொதுமக்களைப் பெரிதும் தொடும் தீர்ப்பு ஒவ்வொன்றுக்கும், அது வெளிவந்த சில கிழமைகளுக்குள்ளே, எளிய தமிழிலும் சிங்களத்திலும் சுருக்கமொன்று நீதித்துறையின் பொறுப்பிலேயே வெளியாதல் வேண்டும். மாறுபட்ட நீதிபதியின் காரணமும் அதில் இடம்பெறவேண்டும். நமது பத்திரிகைகள் விளையாட்டுக்கு ஒதுக்கும் இடத்திலே கால்வாசியையேனும் அதற்குத் தருதல் வேண்டும். தொலைக்காட்சியோ, துடுப்பின் விளிம்பிலே பந்து பட்டதா என்பதைப் பத்துமுறை காட்டும் பொறுமையில் ஒரு பகுதியை உறுப்புரை 12(1)க்கும் காட்டலாம்.

அரசாங்கத்தை நோக்கிக் கைகட்டி நிற்பதோடு நம் கடமை முடிந்துவிடாது. சட்டம் பயின்ற தமிழரும் தமிழ் பயின்ற நம்மனோரும் ஒரு மேசையில் அமர்வதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அந்தத் தீர்ப்பு எவரும் எடுத்து வாசிக்கத்தக்க நிலையிலேயே கிடக்கிறது. வருகின்ற தவணை விடுமுறையில், சட்டத்தரணிகள் இருவரும் மொழியாசிரியர் இருவரும் கூடுவாராயின், அதன் சாரத்தை இருபது பக்கத்தில் தமிழாக்கிவிடலாம். சிங்கள அன்பர்களும் தம் மொழியில் அவ்வாறு செய்தல் நன்று. அவர்களும் அதே வரிசையில் நின்றவர்களே.

என் பங்குக்கு, மேசையும் நாற்காலியும் தேநீரும் ஆயத்தம். சொற்பிழை திருத்தும் வேலையையும் நானே ஏற்றுக்கொள்கின்றேன்.