உஷார்! சபைக்கு மூன்று பாஸ்டர், செக்கில் ஒரே கையெழுத்தா?

குன்னூர் வட்டாரத்துச் சபை மக்களே, கொஞ்சம் கவனியுங்கள். "இனிமேல் நம்ம சபையைப் போதகர்கள் குழுவாக நடத்துவோம்" என்று உங்கள் தனிச்சபையில் அறிவிப்பு வந்தால் சந்தோஷப்படுங்கள். ஆனால் பேப்பரைப் பார்க்காமல் தலையாட்டிவிடாதீர்கள்.

குழுத் தலைமை நல்லது. நான் அதன் பக்கம்தான். பவுலும் பர்னபாவும் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 14-ம் அதிகாரம் சொல்கிறது. ஒரு மூப்பரை அல்ல, பலரை. பக்த் சிங் 1941-ல் சென்னையில் தொடங்கிய யெகோவா ஷம்மா சபையும் மூப்பர்கள் கூடி நடத்தும் வழியில் வந்ததுதான். ஆனால் அடுத்த அதிகாரத்தையும் படியுங்கள். மாற்கைக் கூட்டிப்போவதா வேண்டாமா என்ற ஒரே விஷயத்தில் பவுலும் பர்னபாவும் ஆளுக்கொரு திசையில் போய்விட்டார்கள். அவர்களுக்கே அப்படியென்றால் நம் பாஸ்டர்மாருக்கு எழுதிவைத்த விதி வேண்டாமா?

தரங்கம்பாடியில் வி. எஸ். அசரியா உள்ளிட்டோர் திருச்சபை ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தது 1919-ல். தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது 1947 செப்டம்பர் 27-ல். பேராயருக்கு என்ன அதிகாரம், ஆயருக்கு என்ன, சபையாருக்கு என்ன என்று பேசித் தீர்க்க 28 வருஷம் பிடித்தது. நாம் அதை ஒரு வாட்ஸ்அப் செய்தியில் முடித்துவிட முடியாது.

முதலில் காணிக்கைப் பை எங்கே போகிறது என்று பாருங்கள். ஆராதனை முடிந்த கையோடு, ஒருவருக்கொருவர் உறவில்லாத இரண்டு பேர் அதை மேசையில் கொட்டி எண்ணி, நோட்டில் தொகை எழுதி, இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். பை நேராகப் பாஸ்டர் வீட்டுக்குள் போகிறதா? அப்படியானால் போஸ்டரில் எத்தனை படம் இருந்தாலும் தலைமை ஒருவரிடம்தான். சுவரில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டையைப் போனில் ஸ்கேன் செய்யுங்கள். சபையின் பெயர் வருகிறதா, தனி ஆளின் பெயர் வருகிறதா? ஒரு நிமிஷ வேலை.

அடுத்தது பத்திரம். கொழுந்து பறித்த கூலியில் மிச்சம்பிடித்து நம் தாய்மார்கள் கொடுத்த காசில் வாங்கியது சபையின் இடம். இடம் ஒரு பாஸ்டரின் சொந்தப் பெயரில் இருந்தால், அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் உரிமை கேட்டு வருவார்கள். மற்ற இரண்டு பாஸ்டரும் வாசலில் நிற்பார்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கம் போட்டுப் பாருங்கள். சபை சங்கமாகப் பதிவானதா? தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன்படி வருஷாவருஷம் பொதுக்குழு கூட வேண்டும், கணக்கு காட்ட வேண்டும். அதைக் கேட்பது விசுவாசக் குறைவு ஆகாது.

எனக்கு அதிகம் பயம் தருவது வேறு. குழுவில் ஒருவர்மேல் புகார் வந்தால் யார் விசாரிப்பது? "அது அவர் பொறுப்பு", "பெரிய பாஸ்டரைப் பாருங்க" என்று ஆளாளுக்குக் கைகாட்டினால், நொந்துபோய் வந்த பெண் வந்த வழியே திரும்புவாள். புகாரைக் கேட்க பாஸ்டர் குடும்பங்களைச் சேராத சிலரை முன்கூட்டியே பெயர் குறித்து வையுங்கள். பாதிக்கப்பட்டது குழந்தையென்றால் குழு கூடும்வரை காத்திருக்கவே கூடாது. போக்சோ சட்டம் 19-ம் பிரிவுப்படி போலீசுக்குச் சொல்லியே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-க்குக் கூப்பிட்டாலும் உதவி கிடைக்கும்.

"பிரச்சினை வந்தால் பார்த்துக்கலாம்" என்பார்கள். பொது அறக்கட்டளையில் முறைகேடு நடந்தால், அதில் அக்கறையுள்ள இரண்டு பேர் நீதிமன்ற அனுமதியோடு உரிமையியல் நடைமுறைச் சட்டம் 92-ம் பிரிவில் வழக்குப் போட வழி உண்டு. ஆனால் கேஸ் வருஷக்கணக்கில் இழுக்கும். அதற்குள் சபை இரண்டாக உடைந்திருக்கும்.

குழுவில் சேரப்போகும் இளம் பாஸ்டர்களே, நீங்களும் உஷார். சம்பளம் எவ்வளவு, குடியிருக்கும் வீடு யாருடையது, விலகினால் எத்தனை மாதம் அவகாசம், விலக்கும் அதிகாரம் யாருக்கு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிய பிறகே மேட்டுப்பாளையத்திலிருந்து குடும்பத்தோடு மலை ஏறுங்கள்.