அதே குவார்க்குகள், ஐந்தரை மடங்கு நிறை

பண்ருட்டியின் பலாத்தோப்பு ஒன்றில் கையை விரித்து நின்றால், உள்ளங்கை வழியாக நொடிக்கு ஒன்று என்ற கணக்கிலாவது மியூவான் என்னும் துகள்கள் பாய்ந்து போகும். விண்ணிலிருந்து வரும் புரோட்டான்கள் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் காற்றின் அணுக்கருக்களில் மோதும்போது பையான் என்னும் மேசான் பிறக்கிறது. அது சிதைந்துதான் மியூவான் உண்டாகிறது. மின்னூட்டமுள்ள பையானின் சராசரி ஆயுள் நொடியில் ஏறத்தாழ நான்கு கோடியில் ஒரு பங்கு. அதே மோதலில் பிறக்கும் ரோ மேசானுக்கு அந்த அவகாசமும் கிடையாது. தோன்றிய இடத்திலேயே இரண்டு பையான்களாக உடைந்துவிடும். இத்தனைக்கும் இரண்டின் உள்ளடக்கமும் ஒன்றுதான்: ஓர் அப் குவார்க், ஒரு டவுன் எதிர்க்குவார்க். ஆனால் பையானின் நிறை 140 மெகா எலக்ட்ரான் வோல்ட், ரோவின் நிறை 775. (எலக்ட்ரானின் நிறை இந்த அலகில் சுமார் அரை.) குவார்க் கொள்கையை நாம் நம்புவதற்கு நிறைகளைவிட இத்தகைய நிறை வித்தியாசங்களே வலுவான சாட்சி.

இயற்பியலாளர்கள் கெல்மனும் ஸ்வைக்கும் 1964இல் குவார்க்குகளை முன்மொழிந்தார்கள். ஒவ்வொரு குவார்க்குக்கும் தற்சுழற்சி உண்டு. பையானில் இரண்டின் சுழற்சியும் எதிரெதிர். ரோவில் ஒரே திசை. எதிரெதிராக இருந்தால் ஆற்றல் இறங்கும், ஒத்திருந்தால் ஏறும். இறக்கம் ஏற்றத்தைப்போல மூன்று மடங்கு. ஆகவே ரோவை மூன்று பங்கும் பையானை ஒரு பங்குமாக எடுத்துச் சராசரி கண்டால் சுழற்சியின் விளைவு அடிபட்டுப்போகும். விடை 616, ஒரு குவார்க்குக்கு 308. டவுனுக்குப் பதிலாக ஸ்ட்ரேஞ்ச் குவார்க் உள்ள கேயானுக்கும் (495) அதன் ஒத்த சுழற்சி இணையான கே-ஸ்டாருக்கும் (892) அதே கணக்கைப் போட்டால் ஸ்ட்ரேஞ்சின் நிறை சுமார் 485 என்று வருகிறது. சுழற்சி விளைவு குவார்க்கின் நிறைக்கு எதிர்விகிதத்தில் குறைய வேண்டும் என்கிறது கொள்கை. அப்படியானால் கேயான் ஜோடியின் வித்தியாசம் பையான் ஜோடியின் வித்தியாசத்தில் 308/485, அதாவது 0.635 பங்காக இருக்க வேண்டும். அளந்த மதிப்புகள் 397, 635, விகிதம் 0.625.

எண்களை வளைத்துப் பொருத்திய வித்தை இது என்று ஒருவர் மறுக்கலாம். ஆனால் மேசான்களோடு சம்பந்தமே இல்லாத புரோட்டான், லாம்டா ஆகிய துகள்களின் காந்தத் திருப்புத்திறனிலிருந்து கணக்கிட்டாலும் அதே விகிதம் சுமார் 0.66 என்று கிடைக்கிறது. இன்னொரு மறுப்பு இதைவிடக் கனமானது: அப், டவுன் குவார்க்குகளின் அடிப்படை நிறை 2 முதல் 5 வரைதானே, 308 எங்கிருந்து வந்தது? மறுப்பு நியாயமானது. மீதி முழுவதும் குவார்க்குகளைக் கட்டிவைத்திருக்கும் வலுவிசையின் ஆற்றல். பையான் ஏன் இவ்வளவு இலேசு என்பதற்கான ஆழ்ந்த காரணத்தையும், ஒரு சமச்சீர்மையின் முறிவிலிருந்து இயற்பியலாளர் நம்பு 1960களின் தொடக்கத்திலேயே விளக்கிவிட்டார். சுழற்சிக் கணக்கு அந்த விளக்கத்துக்கு மாற்றல்ல. நிறை எப்படிப் பிறந்தது என்பதை அது சொல்லாது. ஒரு துகளுக்கும் அடுத்ததற்கும் ஏன் இவ்வளவு இடைவெளி என்பதைச் சொல்லும். 958 நிறையுள்ள ஈட்டா-பிரைம் போன்ற துகளிடம் இந்தக் கணக்கு தோற்கிறது என்பதும் உண்மை. அங்கே குளுவான்களின் தனி விளைவு குறுக்கிடுகிறது. விதி எங்கே முறிகிறது என்பதைக் காட்டுவதும் வித்தியாசம்தான்.

சிறு வித்தியாசங்கள் இன்னும் நுட்பமானவை. மின்விசை மட்டுமே காரணமென்றால் மின்னூட்டமுள்ள துகளே கனக்க வேண்டும். பையானில் அப்படித்தான்: 139.6, மின்னூட்டமற்றது 135.0. கேயானில் தலைகீழ்: மின்னூட்டமுள்ளது 493.7, அற்றது 497.6. அற்றதில் அப்புக்குப் பதில் டவுன் இருக்கிறது. அப்பைவிட டவுன் கனமானது என்பதையே இது காட்டுகிறது. புரோட்டானைவிட நியூட்ரான் 1.3 அலகு கனமாக இருப்பதும் இதனால்தான். அது போதிய அளவுக்குத் தலைகீழாகியிருந்தால் ஹைட்ரஜன் நிலைத்திராது. ஹைட்ரஜன் இல்லாமல் தண்ணீர் ஏது? துகள்களின் நிறைப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வதோடு பாடம் நின்றுவிடக் கூடாது. கழித்தலும் வகுத்தலும் தெரிந்த பிளஸ் டூ மாணவர் எவரும் இந்தக் கணக்குகளைத் தாமே போட்டுப் பார்த்துவிட முடியும். அந்த வாய்ப்பை அவர்களுக்குக் கொடுக்க வேண்டும்.