குடிமைப் பதிவுகளின் பன்னாட்டு ஏற்பு

குடிமைப் பதிவுகளின் பன்னாட்டு ஏற்பு என்பது ஒரு நாட்டில் வழங்கப்பட்ட பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்களை மற்றொரு நாட்டின் அலுவலகங்கள் உண்மையானவை என ஒப்புக்கொள்வதற்கான நடைமுறை ஆகும். வெளிநாட்டில் பணிபுரிபவர் தம் குடும்பத்தை அழைத்துக்கொள்ளுதல், இறந்தவரின் நிலுவைத் தொகையை வாரிசுகள் பெறுதல் முதலியன இச்சான்றிதழ்களைச் சார்ந்துள்ளன. இக்கட்டுரை வடசென்னையின் இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இந்நடைமுறையை விளக்குகிறது.

அப்போஸ்டில் உடன்படிக்கை

முற்காலத்தில் ஒரு சான்றிதழ் எல்லை கடக்க வேண்டுமெனில் மாநில அரசு, நடுவண் அரசு, செல்லவிருக்கும் நாட்டின் தூதரகம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பல முத்திரைகள் தேவைப்பட்டன. இச்சங்கிலியை நீக்குவதற்காக 1961 அக்டோபர் 5 அன்று நெதர்லாந்தின் ஹேக் நகரில் ஓர் உடன்படிக்கை உருவானது. இதன்படி, சான்றிதழை வழங்கிய நாடு இணைக்கும் 'அப்போஸ்டில்' என்னும் ஒரே சான்று போதுமானது. பத்து எண்ணிட்ட விவரங்களைக் கொண்ட சதுர வடிவச் சான்று இது.

இந்தியாவில் இவ்வுடன்படிக்கை 2005 சூலை 14 முதல் நடைமுறைக்கு வந்தது. வெளியுறவு அமைச்சகம் இச்சான்றை வழங்குகிறது. அதற்கு முன் மாநில அரசின் உரிய துறை சான்றிதழைச் சரிபார்க்க வேண்டும். சென்னையில் அமைச்சகத்தின் கிளைச் செயலகம் உள்ளது.

புதிதாக இணையும் நாட்டைக் குறித்து ஏனைய உறுப்பு நாடுகள் ஆட்சேபிக்கலாம். அவ்வாறு ஆட்சேபித்தால் அவ்விரு நாடுகளுக்கிடையே உடன்படிக்கை செயற்படாது. இந்தியா இணைந்தபோது ஜெர்மனி ஆட்சேபித்தது. ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத் ஆகியவை 2024 முடிவில் உறுப்பினராக இருக்கவில்லை. அத்தகைய நாடுகளுக்குப் பழைய தூதரக முறையே பொருந்தும்.

அப்போஸ்டில் உறுதிசெய்வது

அப்போஸ்டில் கையொப்பத்தின் உண்மையையும், கையொப்பமிட்டவரின் பதவியையும், முத்திரையையும் மட்டுமே உறுதிசெய்கிறது. சான்றிதழில் எழுதப்பட்டுள்ள செய்தி சரியானது என அது கூறுவதில்லை. எனவே பிழையான பெயருடைய சான்றிதழும் அப்போஸ்டில் பெற இயலும். ஆனால் அயல்நாட்டு அலுவலகம் அதனைக் கடவுச்சீட்டுடன் ஒப்பிடும்போது மறுக்கப்படலாம். ஏற்பின் வலிமை இறுதியில் உள்ளூர்ப் பதிவேட்டின் துல்லியத்தையே பொறுத்தது.

வடசென்னையின் பதிவேடுகள்

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி, நிகழ்வு நடந்த இடத்திலேயே பதிவு செய்யப்படுகிறது; வசிப்பிடத்தில் அன்று. எடுத்துக்காட்டாக, திருவொற்றியூரில் வாழும் தாய் இராயபுரத்திலுள்ள அரசு ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் 2005இல் குழந்தை பெற்றிருந்தால், பதிவு சென்னை மாநகராட்சியில் இருக்கும். அதே ஆண்டில் திருவொற்றியூரிலேயே பிறந்த குழந்தையின் பதிவு அன்றைய திருவொற்றியூர் நகராட்சியைச் சேர்ந்தது. எண்ணூர் அமைந்த கத்திவாக்கமும் தனி நகராட்சியாக இருந்தது. இவ்விரு நகராட்சிகளும் 2011இல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டன.

மாவட்டப் பெயரும் மாறியுள்ளது. திருவொற்றியூர் முன்னர் செங்கல்பட்டு மாவட்டத்திலும், 1997 முதல் திருவள்ளூர் மாவட்டத்திலும் இருந்து, 2018இல் சென்னை மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. இதனால் ஒரே தெருவில் பிறந்த உடன்பிறந்தோரின் சான்றிதழ்களில் வெவ்வேறு மாவட்டங்கள் காணப்படலாம். இதனை அறியாத அயல்நாட்டு அலுவலர் முரண்பாடாகக் கருத வாய்ப்புண்டு.

பெயர்ச் சிக்கல்

தமிழர் பெரும்பாலும் குடும்பப் பெயரின்றித் தந்தை பெயரின் முதலெழுத்தைப் பயன்படுத்துகின்றனர். அயல்நாட்டுப் படிவங்களோ குடும்பப் பெயரைத் தனியே கேட்கின்றன. மேலும் 'தமிழ்ச்செல்வி' போன்ற பெயர் ஆங்கிலத்தில் ஓர் ஆவணத்தில் ஒரு சொல்லாகவும், மற்றொன்றில் இரு சொற்களாகவும், 'ழ'கரம் வெவ்வேறு எழுத்துக்களாலும் எழுதப்படுகிறது. பெயரே குறிக்கப்படாத பிறப்புப் பதிவுகளும் உண்டு. பதிவு செய்த 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், பின்னர் 15 ஆண்டுகள் வரை தாமதக் கட்டணத்துடனும் குழந்தையின் பெயரைச் சேர்க்க விதிகள் இடமளிக்கின்றன.

பிழைகளைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி பதிவாளர் திருத்தலாம். மூலப் பதிவு அழிக்கப்படுவதில்லை. திருத்தம் ஓரக்குறிப்பாக எழுதப்பட்டு, கையொப்பமும் தேதியும் இடப்படும். அப்போஸ்டிலுக்கு விண்ணப்பிக்கும் முன்னரே திருத்தம் செய்வது இன்றியமையாதது. ஏனெனில் திருத்திய பின் பெறப்படும் புதிய சான்றிதழுக்கு மீண்டும் அப்போஸ்டில் பெற வேண்டும்.

திருமணத்தைப் பொறுத்தவரை, தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டின் சட்டப்படி எல்லாச் சமயத்தாரின் திருமணங்களும் பதிவு செய்யப்பட வேண்டும்.

பிற ஒத்துழைப்பு முறைகள்

பன்னாட்டுக் குடிமை நிலை ஆணையத்தின் 1976ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கை, பன்மொழிப் படிவத்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளின் சுருக்கத்தை வழங்க வழிவகுத்தது. உறுப்பு நாடுகளிடையே இதற்கு மொழிபெயர்ப்போ மேற்சான்றோ தேவையில்லை. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் தமக்குள் இத்தகைய ஆவணங்களுக்கு 2019 பிப்ரவரி 16 முதல் அப்போஸ்டிலிலிருந்து விலக்கு அளித்துள்ளன. இந்தியா வியன்னா உடன்படிக்கையில் இணையவில்லை. ஆகவே இங்கிருந்து செல்லும் சான்றிதழை ஏற்கும் நாடு, தன் மொழியில் மொழிபெயர்ப்பைக் கோரலாம்.