மேலே போக, கீழே வழி வேண்டும்

வீடு கட்டிக் கொடுப்பது என் தொழில். பிளான் பார்க்க உட்கார்ந்தால், சிம்னி எங்கே, எக்ஸாஸ்ட் ஃபேன் எங்கே என்று எல்லாரும் கேட்பார்கள். சமையலறைக்குள் காற்று எந்த வழியாக வரும் என்று கேட்பவர்கள் அபூர்வம். என்னைக் கேட்டால், முதலில் முடிவு செய்ய வேண்டியது அதைத்தான்.

சூடான காற்று மேலே போகும் என்று பள்ளியில் படித்தோம். அது தானாகப் போவதில்லை, தள்ளப்படுகிறது. 30 டிகிரி வெப்பத்தில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை சுமார் 1.16 கிலோ. 60 டிகிரியில் காற்று விரிந்துவிடுவதால், அதே ஒரு கன மீட்டரில் சுமார் 1.06 கிலோதான் இருக்கும். சுற்றியிருக்கும் கனத்த காற்று அடியில் புகுந்து லேசானதை மேலே நெட்டுகிறது. தண்ணீருக்குள் அமுக்கிய காலிக் குடம் கையை எடுத்ததும் எழும்புவது இப்படித்தான்.

அந்த உந்துதல் எவ்வளவு சின்னது என்று கணக்குப் போட்டால் வியப்பாக இருக்கும். பத்தடி உயரப் புகைபோக்கியில் அது சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிராம் எடைதான். கதவையும் சன்னலையும் சாத்திவிட்டால் அதுவும் வீண். வெளியே போகிற காற்றுக்கு ஈடாக உள்ளே வர வழியில்லாமல், புகை அடுப்படியிலேயே சுற்றும். கதவிடுக்கில் ஊதுபத்தியைப் பிடித்துப் பாருங்கள். புகை உள்பக்கமாகச் சாய்ந்தால் காற்று வருகிறது என்று அர்த்தம்.

நீராவி இன்னும் லேசு. காற்று மூலக்கூறின் சராசரி எடை 29 என்றால், நீர் மூலக்கூறு வெறும் 18. ஈரக்காற்று கனமானது என்று பலர் நினைக்கிறார்கள். அதே வெப்பத்தில் உள்ள உலர்ந்த காற்றைவிட அது லேசானது. கொதிக்கும் கெட்டிலின் மூக்கை உற்றுப் பாருங்கள். நுனியை ஒட்டி ஒன்றுமே தெரியாது, கொஞ்சம் தள்ளித்தான் வெண்புகை தொடங்கும். அந்த வெண்மை குளிர்ந்து திரண்ட நீர்த்துளி. உண்மையான நீராவி இருப்பது கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளியில். ஒரு கிராம் நீராவி தோலில் பட்டு நீரானாலே சுமார் 540 கலோரி வெப்பத்தைக் கொட்டும். இட்லிப்பானை மூடியை முகத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சாய்த்துத் திறக்கச் சொல்வது அதனால்தான்.

சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு மட்டும் இதற்கு நேர்மாறு. காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம். கசிந்தால் தரையோடு படியும். மேலே இருக்கும் வென்டிலேட்டர் அதை வெளியேற்றாது. அதனால் வெளிச்சுவரில் தரைமட்டத்தை ஒட்டி, கம்பிவலை போட்ட ஒரு திறப்பு வைக்காமல் நான் சமையலறையை முடிப்பதில்லை. அலமாரி வைக்கிறோம் என்று தயவுசெய்து அதை அடைத்துவிடாதீர்கள்.